21 விழுக்காடு யாருக்கு இயல்பு?

புற்றுச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து ஆராயும் ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: 'செல்கள் நார்மாக்சியாவில், அதாவது 21% ஆக்சிஜனில், வளர்க்கப்பட்டன, ஒரு பகுதி 24 மணி நேரம் ஹைபாக்சியாவுக்கு, அதாவது 1% ஆக்சிஜனுக்கு, மாற்றப்பட்டது.' வழிகாட்டியின் ஆய்வேட்டிலிருந்து மாணவருக்கும், மாணவரிடமிருந்து அவருடைய இளையவருக்கும் இந்த வாக்கியம் பரம்பரைச் சொத்தைப் போல இறங்கி வந்திருக்கிறது. வாய்மொழித் தேர்வில் புள்ளியியல் சோதனையைப் பற்றி அரை மணி நேரம் துளைத்தெடுக்கும் தேர்வாளர்கூட இந்த வரியைத் தொடாமல் கடந்துபோகிறார். இதில் எண்ணும் தவறு, பெயரும் தவறு. எண்ணின் தவறு திருத்திவிடக்கூடியது. பெயரின் தவறோ, ஒரு சோதனையின் முடிவை எந்தத் திசையிலிருந்து படிப்பது என்பதையே மாற்றிவிட்டது.

முதலில் எண். உலர்ந்த காற்றில் ஆக்சிஜன் 20.9%. இன்குபேட்டருக்குள் இருப்பது உலர்ந்த காற்றன்று. 37 பாகை செல்சியசில் நீராவி நிறைந்த காற்று அது. நீராவி மட்டுமே 47 மி.மீ. பாதரச அழுத்தத்தை எடுத்துக்கொள்கிறது. எஞ்சியதில் 5% கரியமில வாயுவுக்குப் போகிறது. கடல்மட்டத்தின் 760 மி.மீ. அழுத்தத்திலிருந்து இவற்றைக் கழித்துக் கணக்கிட்டால் ஆக்சிஜனுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 142 மி.மீ.; அதாவது 18.6%. சென்னைக்கும் மும்பைக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். பெங்களூருக்குப் பொருந்தாது. அந்நகரம் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே பத்தில் ஒரு பங்கு குறைவு. அதே இன்குபேட்டரில், அதே செல்வகைக்கு அங்கே கிடைக்கும் ஆக்சிஜன் 126 மி.மீ. அளவில் நிற்கும். இரு நகரங்களிலிருந்து வரும் கட்டுரைகளிலும் '21%' என்றே அச்சாகிறது. மேனிலைப் பள்ளியில் பகுதி அழுத்தம் படித்த எவரும் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது.

இதுவும் செல்லுக்கு மேலே உள்ள வாயுவின் கணக்குத்தான். செல் வாயுவில் வாழவில்லை. ஊடகத்தின் அடியில், பிளாஸ்டிக் தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு குழித் தட்டின் ஒரு குழியில் 2 மி.லி. ஊடகம் ஊற்றினால் திரவத்தின் உயரம் சுமார் 2 மி.மீ. அந்த 2 மி.மீ. ஆழத்தை ஆக்சிஜன் பெரும்பாலும் பரவலால் மட்டுமே கடந்தாக வேண்டும். ஊடகத்தை இரட்டித்தால் அடியில் வந்து சேரக்கூடிய ஆக்சிஜனின் உச்ச வரவு பாதியாகிறது. வார இறுதிக்கு ஊடகம் வற்றிவிடக் கூடாதே என்று வெள்ளிக்கிழமை மாலை கூடுதலாக ஒரு மி.லி. ஊற்றிவிட்டுப் போகும் மாணவர் தம்மை அறியாமலே ஆக்சிஜன் சோதனை ஒன்றைத் தொடங்கிவிடுகிறார். நெருக்கமாக வளர்ந்த கல்லீரல் செல்களைப் போல மிகுதியாக மூச்சு வாங்கும் செல்களானால், '21%' என்ற சீட்டு ஒட்டிய தட்டின் அடியில் ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லாமலே போகலாம். இன்குபேட்டரின் கதவில் ஒளிரும் எண்ணுக்கு இவை எதுவும் தெரியாது.

இனிப் பெயர். உள்ளிழுக்கும் காற்று நுரையீரலின் நுண்ணறைகளை அடையும்போதே ஆக்சிஜன் அழுத்தம் 100 மி.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. தமனி இரத்தத்தில் சற்றுக் குறைவு. திசுக்களைச் சுற்றிவிட்டு இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தில் 40. இடையில் உள்ள பெரும்பாலான திசுக்கள் 3 முதல் 7 விழுக்காடு ஆக்சிஜனில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கின்றன. மூச்சுக் குழாயின் உட்படலத்தையும் திறந்திருக்கும் கண்ணின் கார்னியாவையும் விட்டால், 140 மி.மீ. ஆக்சிஜனைச் சந்திக்கும் செல் மனித உடலில் கிட்டத்தட்ட இல்லை. அந்த அளவுக்குத்தான் 'நார்மாக்சியா', இயல்பான ஆக்சிஜன் நிலை, என்று பெயர். யாருக்கு இயல்பு? அறையில் நின்று பிப்பெட் பிடித்திருக்கும் ஆய்வாளரின் மூக்குக்கு இயல்பு.

தகுதி வழக்கை மூன்றாகப் பிரிக்கும் தமிழ் இலக்கணம் இந்தச் சொல்லை வைக்க இடம் தேடி அலைய வேண்டியதில்லை. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. ஒரு தொழிற்குழு தனக்குள் புழங்கும் சொல். சுடுகாட்டை 'நன்காடு' என்பது மங்கலம். உள்ளதைச் சொல்ல மனம் கூசி நல்ல பெயர் சூட்டுவது. 'நார்மாக்சியா' குழூஉக்குறியாகத் தொடங்கி மங்கல வழக்காக முடிந்திருக்கிறது. பொற்கொல்லருக்காவது 'பறி' பொன்தான் என்று தெரியும்.

மொழியியலில் குறியுற்ற சொல், குறியற்ற சொல் என்று ஒரு பாகுபாடு உண்டு. துருபெட்ஸ்காயும் யாக்கப்சனும் ஒலிகளை ஆராயும்போது வகுத்தது. பின்னர் சொற்களுக்கும் விரிந்தது. 'கவிஞர்' குறியற்றது, 'பெண் கவிஞர்' குறியுற்றது. குறியற்றதற்கு விளக்கம் தேவைப்படாது. குறியுற்றதுதான் தன் வருகைக்குக் காரணம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆய்வேட்டில் ஹைபாக்சியாவுக்கு ஓர் அதிகாரம் இருக்கும்: ஏன் 1%, ஏன் 24 மணி நேரம், எந்தக் கருவி. நார்மாக்சியாவுக்கு அடைப்புக்குறிக்குள் ஓர் எண், அதுவும் தவறான எண். ஒப்பீட்டின் ஒரு தட்டு மட்டும் நிறுக்கப்படுகிறது. மற்றது எடைக்கல் என்று நம்பப்படுகிறது.

வினைச்சொற்களில் இதன் விளைவைக் காணலாம். 'ஹைபாக்சியா ஊடுருவலைத் தூண்டியது', 'ஹைபாக்சியா மருந்து எதிர்ப்பை உண்டாக்கியது', 'ஹைபாக்சியா இந்த மரபணுவை முடுக்கியது'. எழுவாய் எப்போதும் ஹைபாக்சியாவே. அதே தரவை, அதே வரைபடத்தை வைத்துக்கொண்டு, 'மிகை ஆக்சிஜன் ஊடுருவலை அடக்கியது' என்றும் எழுதலாம். இரண்டில் எது சரி என்பது எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குச் செல் மாற்றப்பட்டது என்பதைப் பொறுத்தது. கட்டிக்குள் வாழ்ந்த செல்லுக்கு 1% சொந்த வீடாக இருக்கக்கூடும். அதை 140 மி.மீ. ஆக்சிஜனில் பல ஆண்டுகள் வளர்த்துவிட்டு, ஒரே ஒரு நாள் சொந்த வீட்டுக்கு அனுப்பி, அங்கே அது காட்டும் நடத்தைக்கு 'நெருக்கடி' என்று பெயரிட்டால், சோதனைக்கு உட்பட்டது எது, ஒப்பீட்டுக்கு வைத்தது எது?

இதற்கு ஹீலாவைவிடப் பொருத்தமான சான்று இல்லை. 1951-இல் பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸின் கட்டியிலிருந்து, அவரிடம் அனுமதி கேட்காமலே எடுக்கப்பட்ட செல்கள் அவை. அன்று முதல் உலகெங்கும் காற்றின் கீழ் வளர்கின்றன. கதிர்வீச்சுக்குப் பின் பாலூட்டிச் செல்களில் எத்தனை பிழைக்கும் என்னும் புகழ்பெற்ற முதல் வரைகோட்டை 1956-இல் தியோடர் பக்கும் பிலிப் மார்கஸும் ஹீலாவைக் கொண்டே வரைந்தார்கள். கருப்பை வாய்க் கட்டிகளுக்குள் உண்மையில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதோ வெகு காலத்துக்குப் பின்னரே நோயாளிகளிடம் முறையாக அளக்கப்பட்டது. 1990-களில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மைக்கேல் ஹோக்கெல், பீட்டர் ஃபௌபெல் குழுவினர் ஊசி மின்முனையைக் கட்டிக்குள் செலுத்தி அளந்தார்கள். நலமான கருப்பை வாயில் இடைநிலை அளவு 40 மி.மீ.-ஐ ஒட்டி, கட்டிகளில் 10 மி.மீ.-ஐ ஒட்டி. 10-க்குக் கீழே இருந்த பெண்களே விரைவில் இறந்தார்கள்.

மேலே சொன்ன சென்னை, பெங்களூர் கணக்கை இங்கே நினைவுகூர வேண்டும். இரு நகரங்களின் 'இயல்பு' அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாடு 16 மி.மீ. ஒரு நோயாளியின் கட்டிக்குள் இருக்கும் மொத்த ஆக்சிஜனைவிட அது பெரியது.

இது சொற்சண்டையாக மட்டும் இருந்திருந்தால் விட்டுவிடலாம். 1953-இல் ஹெரால்ட் கிரேயும் அவருடைய குழுவினரும் நிறுவியது போல, ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல ஆக்சிஜன் உள்ள செல்லுக்குத் தேவைப்படும் கதிர்வீச்சைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு வேண்டும். இந்தியப் பெண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் மார்பகத்துக்கு அடுத்த இடம் கருப்பை வாய்க்கு; ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளிகள். நோய் முற்றிய பின் வருபவர்களுக்கு முதன்மைச் சிகிச்சை கதிர்வீச்சுதான். அவர்கள் இரத்தசோகை மலிந்த நாட்டின் பெண்கள்: 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ளோரில் 57% பேருக்கு அது இருந்தது. குறைந்த ஹீமோகுளோபின் கட்டிக்குச் செல்லும் ஆக்சிஜனை இன்னும் குறைக்கிறது. ஆக, கதிர்வீச்சுக்குக் கூர்மையேற்றும் மருந்து ஒன்றை இந்தப் பெண்களுக்காகத் தேடும் ஆய்வகம், முதல் வடிகட்டலை 142 மி.மீ. ஆக்சிஜனில் செய்துகொண்டிருந்தால் அது யாருக்கான மருந்தைத் தேடுகிறது?

முப்பரிமாண வளர்ப்பு வந்துவிட்டது, இந்தக் குறையெல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் இப்போது மிகுதி. ஸ்பீராய்டு, ஆர்கனாய்டு, ஹைட்ரோஜெல் என்று தலைப்பில் ஒரு சொல் இருந்தால் கட்டுரைக்கு ஒரு பொலிவு வந்துவிடுகிறது. அந்தப் பொலிவு முழுக்கப் போலியன்று. 1955-இல் டாம்லின்சனும் கிரேயும் மனித நுரையீரல் கட்டிகளின் வெட்டுத் துண்டுகளை நுண்நோக்கியில் அளந்து ஓர் ஒழுங்கைக் கண்டார்கள்: ஆரம் 160 மைக்ரானுக்குள் அடங்கிய செல்திரள்களில் செத்தழிந்த மையம் இல்லை, 200 மைக்ரானைத் தாண்டிய எதுவும் செத்த மையம் இல்லாமல் இல்லை. ஆக்சிஜன் பரவிச் சேரும் எல்லைதான் அந்த அளவை விதித்தது. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் சதர்லேண்டு உள்ளிட்டோர் செல்களை உருண்டைகளாக வளர்த்தபோது அதே அமைப்பு தட்டிலேயே உருவாயிற்று: வெளியே பெருகும் செல்கள், நடுவே உறங்கும் செல்கள், மையத்தில் இறந்தவை. தட்டையான வளர்ப்பு ஒருபோதும் காட்டாத காட்சி அது. ஸ்பீராய்டு தன் ஹைபாக்சியாவைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. 600 மைக்ரான் விட்டமுள்ள ஸ்பீராய்டுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு 'நார்மாக்சியா', மற்றொன்றுக்கு 'ஹைபாக்சியா' என்று பெயரிட்டு வரைபடத்தில் இரண்டு கம்பங்களை நிறுத்தும் கட்டுரைகள் குறைவில்லை. அந்த 'நார்மாக்சியா' ஸ்பீராய்டின் வெளித்தோல் உடல் காணாத மிகை ஆக்சிஜனில் இருக்கிறது. நடுப்பகுதி உடலுக்கு நெருக்கமான அளவில். மையம் ஆக்சிஜனே இல்லாமல். ஒரே உருண்டைக்குள் மூன்று நிலைகள். அதை அப்படியே அரைத்து, புரதத்தைப் பிரித்தெடுத்து, ஒரே கம்பமாக வரைந்து 'இயல்பு' என்று கீழே எழுதுவது, குளிரூட்டிய அறையையும் கொல்லைப்புறத்தையும் அடுப்படியையும் ஒன்றாகக் கலந்து வீட்டின் வெப்பநிலை சொல்வதைப் போன்றது.

இன்னொரு கணக்கும் மறக்கப்படுகிறது. செல்கள் ஆக்சிஜனை ஒரே வேகத்தில் எடுத்துக்கொள்வதாகக் கொண்டால், மையம்வரை ஆக்சிஜன் எட்டும் மிகப்பெரிய ஆரம், வெளியே உள்ள ஆக்சிஜன் அளவின் வர்க்கமூலத்தோடு நகர்கிறது. வெளியே நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் அந்த ஆரம் பாதியாகும். இன்குபேட்டர்க் காற்றில் மையம்வரை மூச்சுவிடும் ஸ்பீராய்டு, அதே அளவில், 5% ஆக்சிஜனுக்கு வந்ததும் மையத்தை இழக்கக்கூடும். அளவு, செல் வகை, சுற்றியுள்ள ஜெல்லின் தடிப்பு, எத்தனை நாள் வளர்ந்தது, எல்லாமே ஆக்சிஜனைப் பற்றிய தகவல்கள். கட்டுரைகளில் இவை சிதறிக் கிடக்கின்றன, பாதி துணைக்கோப்பில், பாதி எங்குமே இல்லை. முப்பரிமாணம் என்பது ஆக்சிஜனை அளக்க வேண்டிய கடமையைக் கூட்டியிருக்கிறது. பல ஆய்வகங்கள் அதைக் கடமையிலிருந்து கிடைத்த விடுதலையாக எடுத்துக்கொண்டன.

கோபால்ட் குளோரைடைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆக்சிஜன் குறைந்தால் செல்லில் நிலைபெறும் ஹிஃப்-1 என்ற புரதத்தை, ஆக்சிஜன் இருக்கும்போது அழிவுக்குக் குறித்து அனுப்புபவை சில நொதிகள். அவற்றுக்கு இரும்பு தேவை. கோபால்ட் அந்த நொதிகளின் வேலையைக் கெடுப்பதால் ஹிஃப்-1 தேங்கி நிற்கிறது. 100 மைக்ரோமோலார் ஊற்றினால் போதும்; நைட்ரஜன் உருளை வேண்டாம், சிறப்பு அறை வேண்டாம். ஆனால் செல்லுக்கு ஆக்சிஜன் குறையவே இல்லை. மைட்டோகாண்டிரியா மூச்சுவிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கதிர்வீச்சு படும்போது டி.என்.ஏ. சிதைவை நிலைப்படுத்தும் ஆக்சிஜன் அங்கேயே இருக்கிறது. பெயர்: 'வேதி ஹைபாக்சியா'. புகைமணியை அழுத்திவிட்டுத் தீப்பிடித்தது என்று எழுதுவது இது. ஹிஃப்-1 பற்றி மட்டும் கேள்வி கேட்பவருக்குக் கோபால்ட் பயன்படும், அவர் அதை அப்படியே சொன்னால். ஊடுருவலும் சிகிச்சை எதிர்ப்பும் பற்றிப் பேசும் ஆய்வேட்டின் தலைப்பில் அதற்கு இடமில்லை.

எதிர்வாதங்களில் வலுவானது ஒன்று உண்டு. 2019-இன் மருத்துவ நோபலைக் கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் மூவருக்கும் பெற்றுத்தந்த கண்டுபிடிப்பே இந்தக் குறைபட்ட ஒப்பீட்டிலிருந்துதான் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் செமென்சாவின் ஆய்வகம் கல்லீரல் புற்றுச் செல்களை 20 விழுக்காட்டிலும் 1 விழுக்காட்டிலும் வைத்தே ஹிஃப்-1-ஐக் கண்டது. பிறகு என்ன குறை? குறை இதுதான்: விளக்கின் சுவிட்ச் எங்கே என்று தேடுபவருக்கு வெளிச்சமும் இருட்டும் போதும். எந்த வெளிச்சத்தில் செடி எப்படி வளரும் என்று கேட்பவருக்கு அவ்விரண்டும் போதா. ஹிஃப் நொதிகளின் ஆக்சிஜன் நாட்டமே இதைச் சொல்கிறது. அவை பாதி வேகத்தை எட்டுவதற்கு வேண்டிய ஆக்சிஜன், காற்றோடு சமநிலை அடைந்த ஊடகத்தில் கரைந்திருப்பதையே எட்டும் அல்லது தாண்டும் என்று அளவீடுகள் காட்டியிருக்கின்றன. அதாவது உடலின் ஆக்சிஜன் எல்லை முழுவதிலும், 2%, 4%, 7% என ஒவ்வொரு படியிலும், அவற்றின் வேகம் மாறிக்கொண்டே இருக்கிறது. இயற்கை சாய்தளத்தை வைத்த இடத்தில் ஆய்வேடுகள் இரண்டு படிகளை மட்டும் கட்டி வைத்திருக்கின்றன.

எழுபது ஆண்டுத் தரவோடு ஒப்பிட வேண்டுமே என்பது இரண்டாவது வாதம். அந்தத் தரவு எந்த ஆழ ஊடகத்தில், எந்தச் செல் நெருக்கத்தில் கிடைத்தது என்று தெரியாதபோது ஒப்பீடு ஏற்கெனவே நடக்கவில்லை. பெயர்கள் மட்டும் ஒப்பிடப்படுகின்றன. எச்சரிக்கையும் புதிதன்று. 1977-இலேயே பேக்கரும் ஃபியூரும் ஆக்சிஜனைக் குறைத்து வளர்த்த மனித நுரையீரல் செல்கள் கூடுதல் தலைமுறைகள் பெருகுவதைக் காட்டினார்கள். 2003-இல் எலிச் செல்களின் முதுமை என்று பாடநூல்கள் சொல்லிவந்ததில் பெரும்பகுதி தட்டின் ஆக்சிஜன் விளைத்த சேதம் என்று தெரியவந்தது. 3% ஆக்சிஜனில் அந்த முதுமை வரவில்லை. துறை இவற்றை மேற்கோள் காட்டிக்கொண்டே இன்குபேட்டரை மாற்றாமல் இருந்தது.

மூன்றாவது, பணம். இதில் உண்மை இருக்கிறது. மூவாயு இன்குபேட்டரும் அதற்குத் தொடர்ந்து நைட்ரஜனும் மாநிலப் பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கு எளிதல்ல. கொள்முதல் கோப்பு நகர்வதற்குள் மாணவரின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிடும். ஆனால் குறை வளத்தில் மட்டும் இருந்திருந்தால், வளமிக்க நாடுகளின் கட்டுரைகளில் 'நார்மாக்சியா' என்றோ மறைந்திருக்கும். மறையவில்லை. ஊடகத்தின் கொள்ளளவை எழுதுவதற்கும், பெயரைத் திருத்துவதற்கும் பணம் ஆவதில்லை.

மருத்துவச் சோதனைகள் வரை இந்த அலட்சியம் நீள்கிறது. ஆக்சிஜன் குறைந்த செல்களை மட்டும் கொல்லும்படி வடிவமைத்த டிராபசமைன், தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான பெரிய மூன்றாம் கட்டச் சோதனையில் பயன்தரவில்லை என்று 2010-இல் வெளியாயிற்று. எவோஃபாஸ்ஃபமைடு 2015-இல் இரண்டு மூன்றாம் கட்டச் சோதனைகளில் இலக்கைத் தவறவிட்டது. தோல்விக்குப் பல காரணங்கள். அவற்றுள் ஒன்றைத் துறையே ஒப்புக்கொள்கிறது: யாருடைய கட்டியில் ஆக்சிஜன் உண்மையில் குறைவு என்று அளந்து நோயாளிகள் தேர்ந்தெடுக்கப்படவில்லை. டிராபசமைனின் முந்தைய சிறு ஆய்வு ஒன்றில் கட்டிகளைப் படமெடுத்துப் பார்த்தபோது, ஆக்சிஜன் குறைந்த கட்டி உள்ளவர்களுக்கே மருந்து உதவுவதாகத் தெரிந்திருந்தது. தட்டில் அளக்காத பழக்கம் படுக்கையருகிலும் தொடர்ந்தது. மாறாக, டென்மார்க்கில் நிமோரசோல் என்ற மலிவான மருந்து தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு வழக்கமாகத் தரப்படுகிறது. பல பத்தாண்டுகள் ஆக்சிஜனைப் பொருட்படுத்தி ஆராய்ந்த ஒரு குழுவின் உழைப்பு அது.

இப்போது ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்கள் இன்குபேட்டரை மாற்ற முடியாமல் போகலாம். 'நார்மாக்சியா' என்ற சொல்லை அடித்துவிட்டு 'இன்குபேட்டர்க் காற்று' என்று எழுத முடியும். தம் ஊரின் உயரத்துக்கேற்ப மி.மீ. பாதரசத்தில் ஆக்சிஜனைக் கணக்கிட்டுத் தர முடியும். குழிக்கு எத்தனை மி.லி., சதுர செ.மீ.க்கு எத்தனை செல், ஸ்பீராய்டின் விட்டம் எத்தனை மைக்ரான், ஊடகம் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, தட்டை வெளியே எடுத்த பின் எத்தனை நிமிடத்தில் செல்கள் உடைக்கப்பட்டன என்று ஓர் அட்டவணை போட முடியும். கடைசிக் கேள்வி அற்பமானதன்று. ஆக்சிஜன் பட்டால் ஹிஃப்-1 நிமிடங்களில் கரைந்துவிடும், அறைக் கதவைத் திறந்து நண்பரோடு பேசிக்கொண்டே தட்டைத் தூக்கிவரும் நேரம் போதும். தேர்வாளர்களுக்கு இன்னும் எளிய வேலை. புள்ளியியலுக்குப் போகும் முன் ஒரே ஒரு கேள்வி: 'உங்கள் செல்களுக்கு மேலே எத்தனை மில்லிமீட்டர் ஊடகம் இருந்தது?'